வல்லை வெளியில் மழை வந்தால்

ஐப்பசி பிறந்து வாடை எழும்பிவிட்டால் யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரருக்குத் திசைகள் இரண்டுதான். ஒன்று வாடைக்கு எதிரே போகிற திசை, மற்றது வாடை தள்ளிக்கொண்டு போகிற திசை. நகரத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதி ஏறக்குறைய வடகிழக்காகவே நீளுகிறது. வாடையும் அங்கிருந்துதான் வருகிறது. 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய அந்தத் தூரத்தில் கோப்பாய், நீர்வேலி, ஆவரங்கால் வரைக்கும் வாழைத் தோட்டங்களும் பனைகளும் வேலிகளும் காற்றை ஓரளவு மறித்துக்கொடுக்கும். அதற்கப்பால் வல்லை வெளி. உவர்நிலமும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியும், அவற்றுக்கு நடுவே ஒரு வீதியும். கிழக்கே மழை வெள்ளையாக இறங்கி வருவது தூரத்திலேயே தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய ஏலாது. ஒதுங்க ஒரு மரம் கூட இல்லை.

புத்தகப் பையைப் பொலித்தீனால் சுற்றிக் கரியரில் இறுக்கிக் கட்டிவிட்டு, பெடலில் எழும்பி நின்று உழக்கினாலும் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். காற்று இன்னும் வலுத்தால் இறங்கி உருட்டுவதே விரைவு. பேய்க்கதைகளுக்குப் பேர்போன வெளி அது. எதிர்க்காற்றில் உழக்குகிறவனுக்குப் பேயைப் பற்றி நினைக்க நேரம் இருப்பதில்லை. முனியப்பர் கோவிலடியில் கால் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது இதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம். திரும்பி வரும்போது பெரும்பாலும் காற்று விழுந்திருக்கும். அது வாடையின் குணம்.

சைக்கிளுக்கு இதைவிட வாய்ப்பான நிலம் இலங்கையில் இல்லை என்றே சொல்வேன். தட்டையான சுண்ணக்கல் தரை. குன்று இல்லை, ஏறி இறங்கக் கணவாய் இல்லை. ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஊரோடு ஊரை ஒழுங்கைகள் தைத்து வைத்திருக்கின்றன. வாத்தியார், கச்சேரிக் கிளாக்கர், தோட்டக்காரர், மீன் வியாபாரி, பூசைக்குப் போகும் ஐயர், எல்லோருக்கும் ஒரே வாகனம். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைதான் கிணறு, அந்தக் கிணறுதான் தோட்டம். அதனால் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்த எந்தப் பெரியவரும் மழையைத் திட்டி நான் கேட்டதில்லை. சைக்கிளைத்தான் திட்டுவார்கள்.

சைக்கிளைத் திட்டுவதற்கு நியாயம் இருந்தது. ரலி, ஹம்பர், பின்னால் வந்த லுமாலா, எதுவானாலும் அந்தக் காலத்துப் பெரிய சைக்கிளின் ரிம் பளபளவென்று முலாம் பூசிய இரும்பு. பிறேக் கம்பியை இழுத்தால் ரப்பர்க் கட்டை அந்த இரும்பைப் போய்க் கவ்வவேண்டும். ரிம் நனைந்துவிட்டால் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படையாக நின்றுவிடும். பிறேக்கை முழுதாக அழுத்தினாலும் சில்லு நாலைந்து தரம் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்க யோசிக்கும். எனவே சந்திக்கு வெகுதூரம் முன்பே பிறேக்கை இலேசாக உரசவிட்டுக்கொண்டே வருவது மாரிகாலப் பழக்கம். அது தெரியாதவர்கள் செருப்புக்காலைத் தெருவில் தேய்த்து நிறுத்தினார்கள். மாரி முடியும்போது செருப்பின் குதிப்பக்கம் தேய்ந்திருக்கும்.

டைனமோவும் அப்படித்தான். போத்தல் வடிவத்தில் முன் கவையிலோ பின்சில்லுப் பக்கமோ பூட்டியிருக்கும் அந்தச் சாமான், ரயரின் கன்னத்தில் உரசித்தான் மின்சாரம் எடுக்கும். ரயர் நனைந்தால் அதன் தலை வழுக்கும். வெளிச்சம் மிகவும் தேவைப்படுகிற மழை இருட்டில்தான் லைற் கண்ணைச் சிமிட்டும். வெள்ளத்துக்குள் மெதுவாகப் போனால் வெளிச்சமே இல்லை. வேகமாகப் போனால் வெளிச்சம் வரும், பிறேக் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மாரிகால ரியூசன் பயணங்கள் நடந்தன.

வலிகாமத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்குச் செம்பாட்டு மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுன்னாகம், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஒரு மழைக்குப் பிறகு இறங்கினால் செம்மண் குழைந்து ரயரில் ஏறும். ஏறிய மண் மட்காட்டுக்குள் போய் அடையும். நூறு யார் போவதற்குள் சில்லு சுற்றாது. ஒரு பூவரசங் கம்பை முறித்து, சைக்கிளைச் சரித்து வைத்து, மட்காட்டுக்குள்ளிருந்து கட்டி கட்டியாகக் கிண்டி எடுக்கவேண்டும். கிண்டி முடித்து ஏறினால் அடுத்த நூறு யாரில் மறுபடியும். தோட்டக்காரர்கள் இதற்காகவே மாரி தொடங்க மட்காட்டைக் கழற்றிக் கூரையில் சொருகிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது முடியாது. வெள்ளைச் சீருடை.

மழை பெலத்தால் ஒதுங்குவதற்கு ஊரில் இடம் இருந்தது. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வீதி அதன் நடுவால் போகிறது. இரு பக்கமும் உயர்ந்த திண்ணை, தூண்கள், வீதிக்கு மேலால் கூரை. வழிப்போக்கர் வழியை விட்டு விலகாமலே நனையாமல் இருக்கவேண்டும் என்று நினைத்தவர், தானும் மாரியில் நடந்து களைத்தவராகத்தான் இருந்திருக்கவேண்டும். அதைக் கட்டிய காலத்தில் இந்த ஊரில் சைக்கிள் ஏது? ஆனால் பின்னால் வந்த சைக்கிளுக்கும் அது கணக்காய்ப் பொருந்தியது. வீடுகளில் சங்கடப்படலைகள் இருந்தன. படலைக்கு மேல் கிடுகாலோ ஓட்டாலோ ஒரு சின்னக் கூரை, இரு பக்கமும் இருக்கக் குந்து. அவை இல்லாத இடத்தில் சனசமூக நிலையத்து விறாந்தை, தேர்முட்டி நிழல், சந்தித் தேத்தண்ணிக் கடை. நகரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அடுத்த ஒதுங்கிடம் எங்கே என்று சைக்கிள்காரருக்கு மனப்பாடம்.

ஒரு சங்கடப்படலைக்குள் நாலு பொடியள் சைக்கிளோடு நுழைந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்.

“ஆரது?”

“மழைக்கு நிக்கிறம் ஆச்சி.”

“எவடத்துப் பிள்ளையள்?”

ஊர், அப்பாவின் பெயர், அம்மாவின் ஊர் என்று விசாரணை நடக்கும். நாலு பேரில் ஒருவனுக்காவது எப்படியும் ஓர் உறவு கண்டுபிடிக்கப்படும். பிறகு தலை துடைக்க ஒரு துவாய் வரும். பிளேன்ரீ வரும். சீனி கிடைக்காத காலமென்றால் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். “சைக்கிளையும் உள்ளுக்கு எடு ராசா, சீற் நனையுது” என்பார் ஆச்சி. தோல் சீற் நனைந்தால் தொய்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது அந்தப் படலை எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. “எவடத்துப் பிள்ளை?” என்ற கேள்விக்குள் சாதி இருந்தது. பதில் பிடிக்காவிட்டால் துவாயும் வராது, பிளேன்ரீயும் வராது. சந்திக் கடைகளில் சிலருக்குச் சிரட்டையிலோ போத்தலிலோ தேத்தண்ணி ஊற்றிய காலம் இருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோவில்களுக்குள்ளும் போவதற்கே இந்த மண்ணில் போராட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் நடந்ததை ஊர் மறக்கவில்லை. மழை எல்லோரையும் ஒன்றாக நனைத்தது. ஒதுங்க விட்டவர்கள்தான் ஆள் பார்த்து விட்டார்கள். பழைய ஒதுங்கிடங்களைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே அழைக்கப்பட்டவர்களே. நான் உட்பட.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் போய்விட்டது. மண்ணெண்ணெய் தங்கவிலை ஆனது. மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. கார்கள் ஷெட்டுக்குள் முட்டுக்கொடுத்து நின்றன. அந்த ஐந்தாண்டுகளில் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் போய்வந்தது. நோயாளி போனது, கலியாண மாப்பிள்ளை போனது, விறகும் பனையோலையும் போனது சைக்கிளில். பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஏறிய காலமும் அதுதான். முன்பு பெண் பிள்ளை சைக்கிள் ஓடினால் முகம் சுளித்த வீடுகளே, வேறு வழியில்லாமல் பிள்ளைக்கு உயரம் குறைந்த சைக்கிளாகத் தேடித் திரிந்தன. மாலையில் அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். பிபிசி தமிழோசை முடியும் வரை கை மாறிக் கை மாறிச் சுற்றவேண்டும். செய்தி முக்கியமாகும் இடத்தில் சுற்றுகிறவர் தளர்ந்துவிட்டால் வீட்டில் சண்டை.

அந்தக் காலத்து மாரிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வானம் மூடிக்கிடந்தால் பொம்மர் வருவது குறைவு என்று சனம் நம்பியது. வெயில் எறித்த காலையில் காதை வானத்தில் வைத்துக்கொண்டு உழக்கிய அதே ஆட்கள், அடைமழையில் கொஞ்சம் நிம்மதியாக உழக்கினார்கள். ஆனால் பங்கருக்குள் வெள்ளம் நின்றது. திடீரென்று சத்தம் கேட்டால் இறங்க இடமில்லை. இரவில் லைற் போட்டுப் போகவும் யோசனை. ஹெலி திரியும் இரவுகளில் லைற்றின் மேல் பாதிக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருப்போம். ஏற்கெனவே சிமிட்டுகிற டைனமோ வெளிச்சத்தில் பாதியும் போய்விடும். மிச்சத்துக்குத் தெருவில் நின்ற வெள்ளத்தின் மினுக்கம்தான் வழிகாட்டி. மினுங்குவது வெள்ளம், மினுங்காதது தார். சில நேரம் மினுங்காததும் மாடு.

ரயரும் ரியூப்பும் கிடைப்பது அரிது. ரயர் கிழிந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து ஓடினோம். சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் துள்ளும். மாரியில் காற்றுப் போவது கூட. நனைந்த ரப்பரைப் போத்தல் ஓடு இலகுவில் வெட்டும், வெள்ளத்தில் அடித்துவந்த முள்ளும் கண்ணாடியும் தெருவுக்கு வந்துவிடும். ஒட்டுப் போடும் கடையில் இன்னொரு சிக்கல். ஈர ரியூப்பில் சொலூசன் பிடிக்காது. கடைக்காரர் ரியூப்பைச் சாரத்தில் துடைத்து, குப்பிவிளக்கின் மேல் தூக்கிப் பிடித்து, கருகாமல் காயவைத்து, பிறகுதான் தேய்க்கத் தொடங்குவார். அந்த விளக்குக்கும் எண்ணெய் வேண்டுமே. அதனால் மழைநாளில் ஒட்டுக்குக் கூலி கூட. ஒருவரும் பேரம் பேசியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை சவர்க்காரம். மட்காட்டின் நுனி ரப்பர் கழன்றுவிட்ட சைக்கிளில் வெள்ளைச் சேர்ட்டோடு போனால், பின்சில்லு எறியும் சேறு முதுகுத்தண்டை ஒட்டிக் கழுத்து வரை ஒரு கோடாக ஏறியிருக்கும். செம்பாட்டுச் சேறு என்றால் அது கறை. சவர்க்காரம் யானை விலை. அம்மாக்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். அழுக்குப் போகும், வெள்ளை இலேசாக மஞ்சளாகும், வாசமும் நிற்கும். அந்த வாசத்துக்குக் கொடியில் காய்ந்த சேர்ட்டை மாடு சப்பித் தின்ற கதை அந்தத் தலைமுறையில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. முதுகில் சேறு ஏறாமல் இருக்க ஒரு துண்டு பழைய ரியூப்பை மட்காட் நுனியில் கம்பியால் கட்டித் தொங்கவிடுவதுதான் எங்கள் வீட்டில் மாரிக்கு முதல் ஆயத்தம்.

1995 ஒக்டோபர் 30. அன்று வலிகாமத்து ஒழுங்கைகளில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. இராணுவம் நகரை நெருங்குகிறது, எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் வெளியேறுங்கள் என்று புலிகளின் அறிவிப்பு. நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஓர் இரவிலும் அடுத்த பகலிலுமாக வீட்டை விட்டு இறங்கியது. பெரும்பகுதி சனம் போனது செம்மணி கடந்து நாவற்குழிப் பாலத்தால். இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும், நடுவில் ஒடுங்கிய வீதி, மேலே மழை. அன்றிரவு அந்த வீதியில் எவரும் சைக்கிள் ஓடவில்லை. ஓட இடமில்லை. உருட்டினார்கள். கரியரில் அரிசியும் பானையும், ஹாண்டிலின் இரு பக்கமும் பைகள், பாரில் குழந்தை, சீற்றில் நடக்க ஏலாத அப்பு, பின்னால் பிடித்துத் தள்ள ஒரு பிள்ளை. ஓர் அடி வைக்க, நிற்க, மறுபடி ஓர் அடி. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீரை ஏந்திக் குழந்தைகளுக்குப் பருக்கினார்கள். மழையில் ஒதுங்குவது என்ற பேச்சே அன்று இல்லை. நின்றால் பின்னால் வருகிற சனம் நிற்கும்.

1996 இல் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை இல்லை, கதவு இல்லை. விட்டுப்போன சைக்கிள்கள் இருந்த இடத்தில் கறள் பிடித்த சட்டம் கிடந்தது, அல்லது அதுவும் இல்லை.

2002 இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. 2006 ஆவணியில் வீதி மூடியது. 2009 இல் சண்டை முடிந்து தடையெல்லாம் விலக, லீசிங் கொம்பனிகள் நகரத்தில் வரிசையாகக் கடை திறந்தன. முதல் தவணை கட்டினால் சாவி கையில். ரீச்சர்மார் ஸ்கூட்டி பெப்புக்கு மாறினார்கள், வாத்திமார் பின்னால் மாறினார்கள், வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுப் பொடியள் பல்சருக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டு விறகும் அரிசியும் கட்டி உழக்கியவரிடம் போய்ச் சைக்கிள்தான் உடம்புக்கு நல்லது என்று சொன்னால் அவர் சிரிப்பார், அல்லது அடிப்பார்.

வீதிகள் காபெற் வீதிகளாயின. மழையில் இப்போது அவற்றில் குழி இல்லை, சேறு இல்லை, சில்லு சிக்காது. ஆனால் அந்த வழுவழுப்பில் பஸ்ஸும் ரிப்பரும் பறக்கின்றன. சைக்கிள்காரருக்கு வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இரண்டு சாண் இடம். நனைந்த வெள்ளைக் கோட்டுக்கு மேல் சில்லு ஏறித் திரும்பினால் வழுக்கும் என்பது இந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட புதுப் பாடம். பஸ் ஒன்று கடந்தால் அது எறியும் தண்ணீரில் கண் தெரியாமல் போகிற அந்த இரண்டு மூன்று கணங்கள்தான் இன்றைய மாரியில் மிகவும் பயமான நேரம். பின்னால் என்ன வருகிறது என்று சத்தத்தை வைத்துக் கணிக்கவும் மழை விடாது.

ஒழுங்கைகளின் கதை வேறு. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கதியால் வேலியும் இருந்த காலத்தில் ஒழுங்கையில் விழுந்த மழை வேலிக்குள்ளால் வளவுகளுக்குள் போய், சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்குச் சேர்ந்தது. சண்டை முடிந்த பிறகு வீடு கட்டின எல்லோரும் முதலில் கட்டியது மதில். இரண்டு பக்கமும் ஆளுயர மதில், அடியில் கொங்கிறீற். தண்ணீருக்குப் போக இடமில்லை. ஒழுங்கையே வாய்க்காலாகி, முழங்கால் அளவு வெள்ளத்தைப் பெரிய வீதிக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பெரிய வீதியோ காபெற் மேல் காபெற் போட்டு உயர்ந்துவிட்டது. ஆக, தண்ணீர் ஒழுங்கைக்குள்ளேயே நிற்கிறது. குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் நிரவினோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது இவ்வளவு மதில் இல்லை, அப்படியும் குடாநாடு மிதந்தது. இன்று அதில் பாதி மழைக்கே ஒழுங்கைகள் நிரம்புகின்றன. வெள்ளத்துக்குள் சைக்கிள் ஓடும்போது பெடல் தண்ணீருக்குள் போய் வெளியே வரும். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பழைய ஒழுங்கையின் ஒவ்வொரு வேரும் கல்லும் மனப்பாடமாக இருந்த ஆட்களுக்கும் இப்போது தெரியாது, ஏனென்றால் அவர்கள் பதினைந்து ஆண்டாக அதை மோட்டார் சைக்கிளில் கடந்திருக்கிறார்கள்.

மதிலோடு சங்கடப்படலையும் போனது. மதிலில் இப்போது இருப்பது இரும்புக் கேற், உள்ளே நாய், மேலே கமரா. அந்தக் கேற்றுக்கு முன்னால் நாலு பொடியள் மழைக்கு நின்றால் யாரென்று பார்க்க வெளியே வரவேண்டியதில்லை, போனிலேயே பார்க்கலாம். பிளேன்ரீ போனால் அனுப்ப முடியாது. சனசமூக நிலையங்கள் பலவும் பின்னேரம் பூட்டிக் கிடக்கின்றன. மழை வந்தால் ஒதுங்க மிஞ்சியிருப்பவை பஸ் தரிப்பிடமும், வங்கிகளின் ஏரிஎம் வாசலும், போன் கடைகளின் முன் தகரமும். அங்கே ஒதுங்கலாம், எவரும் ஊர் கேட்கமாட்டார்கள், சாதி கேட்கமாட்டார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சைக்கிளை உள்ளே எடுக்க விடமாட்டார்கள்.

சைக்கிள் மட்டும் முன்னேறி எங்கேயோ போய்விட்டது. டிஸ்க் பிறேக் மழையிலும் கவ்விப் பிடிக்கிறது. ரிம் அலுமினியம். கண்ணைப் பறிக்கும் எல்ஈடி விளக்கு மெதுவாகப் போனாலும் எரியும். ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் இன்றைய பொடியள் நாங்கள் நின்ற இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வாங்கும் கியர் சைக்கிள்களுக்கு மட்காட் இல்லை, இருந்தாலும் கையகலப் பிளாஸ்ரிக். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் வெள்ளை முதுகில் அதே சேற்றுக்கோடு. இப்போது சவர்க்காரம் தாராளம், அதனால் ஒருவரும் ரியூப்புத் துண்டு கட்டுவதில்லை.

எங்கள் சந்தியில் இன்னமும் சைக்கிள் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். “அப்ப மாரி எண்டால் எங்களுக்குச் சீசன் தம்பி. பிறேக் கட்டையும் ஒட்டும்தான், ஏழு மணிக்கும் வரிசை நிக்கும். பிறகு கடையைப் பூட்டுவமோ எண்டு யோசிச்சனான்” என்றார். பூட்டாமல் வைத்தது 2022. அந்த ஆண்டு நாட்டில் டொலர் முடிந்து பெற்றோல் நின்றது. ஆனி கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையே இரண்டு கிழமை நிறுத்தப்பட்டது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வாகன இறக்குமதி 2020 பங்குனியிலேயே நின்றிருந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாத்திக்கிடந்த ரலிகளும் லுமாலாக்களும் வெளியே வந்தன. அவர் கடையில் மறுபடி வரிசை. புதுச் சைக்கிளுக்கும் ரயருக்கும் விலை கேட்டால் தலை சுற்றும்.

அந்த ஆண்டு மாரியில் நான் பார்த்த வேடிக்கை, நாற்பதைத் தாண்டியவர்கள் மழையில் பிறேக்கை இலேசாக உரசவிட்டுக்கொண்டே சந்திக்கு வந்ததுதான். இருபது ஆண்டாகச் சைக்கிளைத் தொடாத ஆட்கள். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முழங்காலுக்குத்தான் இல்லை. 2023 இல் கியூஆர் நீக்கப்பட்டதும் பெரும்பாலானவர்கள் பழையபடி மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். எரிபொருள் தட்டுப்பாடு வந்தால்தான் சைக்கிளை நினைக்கும் ஊரென்று எங்களை யாரும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

இப்போது மழையில் சைக்கிளில் போவோர் யார் என்று கண் வைத்துப் பாருங்கள். மேசன் வேலைக்குப் போகும் கூலிக்காரர். மார்க்கெற்றுக்குக் கீரைக்கட்டுக் கொண்டு போகும் வயதான அப்பு. இராக்காவல் முடிந்து வரும் செக்கியூரிற்றி. இன்னொரு பக்கம், உடம்புக்கென்று விடியற்காலையில் தலைக்கவசமும் இறுகிய உடுப்புமாகப் பண்ணைக் கடல்வீதியில் போகும் டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும். மழை தூறினால் அவர்கள் வீட்டில் நின்றுவிடலாம், அல்லது தூறலுக்காகவே போகலாம். அப்புவுக்கு அந்த வசதி இல்லை. கீரை மழைக்குக் காத்திராது. ஒரு காலத்தில் ஒரே சங்கடப்படலைக்குள் நின்றிருக்கக்கூடிய இந்த இரண்டு பேரும் இப்போது ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான்.

இவர்களுக்கு நடுவில், தொகையில் எல்லோரையும் விடக் கூட, பள்ளிக்கூடப் பிள்ளைகள். மழையில் மூன்று பேர் பக்கம் பக்கமாகப் போவார்கள், பஸ் ஹோண் அடித்தால் ஒருவர் பின்னால் ஒருவராக ஒதுங்கி, பஸ் போனதும் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் நிற்பதே இல்லை. நாலரைக்கு ரியூசன், ஆறு மணிக்கு இன்னொரு ரியூசன். “மழைக்குள்ள நிண்டனான் சேர்” என்பது எங்கள் காலத்தில் பிந்தி வந்ததற்கு ஏற்ற காரணம். எந்த வாத்தியாரும் அதற்கு மேல் கேட்டதில்லை, அவரும் எங்கேயாவது நின்றுதான் வந்திருப்பார். அந்தக் காரணம் இப்போது செல்லாது. போனை முதலில் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுகிறார்கள், புத்தகம் இரண்டாவது. போன கிழமை நகரத்தில் ஒரு வங்கி வாசலில் நானும் ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு பொடியன். பைக்குள் கிடந்தபடியே போன் அடித்தது. எடுத்துப் பேசினான்.

“எங்கையடா நிக்கிறாய்?”

“வந்துகொண்டிருக்கிறன் அம்மா.”